அகதி முகாமில் அவசர மருத்துவர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

அவசர சிகிச்சைப் பிரிவு என்றவுடன் நம் மனக்கண்ணில் ஒரு காட்சி எழும். 108 வண்டி அலறிக்கொண்டு வந்து நிற்கிறது. தள்ளுவண்டியில் நோயாளியை உள்ளே கொண்டு போகிறார்கள். ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள், ஆக்சிஜன் சிலிண்டர், இதயத் துடிப்பைக் காட்டும் கருவி ஆகிய அனைத்தும் அந்த ஒரே உயிரைச் சுற்றி நிற்கின்றன. வெளியே சொந்தக்காரர்கள் கைகளைப் பிசைந்தபடி காத்திருக்கிறார்கள். ஒரு மனிதனுக்காக ஒரு மருத்துவமனையின் ஆற்றல் முழுவதும் ஒரு கணத்தில் குவிவது உண்மையிலேயே பெரிய காரியம்தான்.

அதே டாக்டரை ஐந்து லட்சம் பேர் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்த ஒரு வெட்டவெளியில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? குடிநீர் இல்லை, கக்கூசு இல்லை, படுக்கை இல்லை. அவருக்குத் தெரிந்த வித்தைகளில் எது அங்கே பயன்படும்? எது பயன்படாது? எது கெடுதலாகவே முடியும்? போரிலும் பஞ்சத்திலும் நிலநடுக்கத்திலும் பணியாற்ற அவசர மருத்துவர்களைத் தயார் செய்வது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேதியியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மருத்துவம் படிக்க ஆசை இருந்தது, மதிப்பெண் போதவில்லை. ஆசை மட்டும் போகவில்லை. அதனால் நூலகத்தில் மருத்துவம் சம்பந்தமாக எது கிடைத்தாலும் எடுத்துப் படிப்பது வழக்கம். அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அம்மா இன்றும் வைத்திருக்கும் ஒரு காலிப் பாக்கெட்டின் வரலாறு எதிர்ப்பட்டது. அதிலிருந்து தொடங்குவதே முறை என்று தோன்றுகிறது.

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். மேற்கு வங்கத்தில் எல்லையோரமாக உள்ள பன்காவ் என்னும் ஊரைச் சுற்றிலும் முகாம்கள் நிரம்பி வழிந்தன. மழைக்காலம் வேறு. முகாம்களில் காலரா புகுந்தது. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் தம் குழுவினருடன் அங்கே சென்றார்.

பன்காவ் மருத்துவமனையில் அவர் கண்டது இரண்டு அறைகள். தரையெல்லாம் நோயாளிகள். வாந்தியும் பேதியும் கலந்த அந்தத் தரையில் மண்டியிட்டுத்தான் ஒருவருக்கு ஊசி குத்த வேண்டும். அக்காலத்தில் காலராவுக்கு அறியப்பட்ட உறுதியான சிகிச்சை, இரத்தக் குழாய் வழியாக சலைன் ஏற்றுவதே. நகரத்து மருத்துவமனையில் அவ்விதம் செய்தால் பெரும்பாலோர் பிழைப்பர். ஆனால் பன்காவில் சலைன் பாட்டில்கள் போதவில்லை. முறையாக ஏற்றத் தெரிந்தவர்களோ அவருடைய குழுவில் இருவர் மட்டுமே. ஓரிரு நாட்களுக்குள் அவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: தாம் கற்ற சிறந்த வைத்தியத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் இந்தப் போரில் தோற்பது நிச்சயம்.

அவர் என்ன செய்தார்? வாய்வழியாகக் கொடுக்கும் உப்புநீர்க் கரைசல் அப்போது மருத்துவ உலகுக்கு முற்றிலும் புதியதன்று. 1953-லேயே கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி இதுபற்றி எழுதியிருக்கிறார். 1968-இல் டாக்காவில் அமெரிக்க ஆய்வாளர்கள் நாலினும் கேஷும் இதை முறையாகச் சோதித்துக் காட்டினர். ஆனால் அச்சோதனைகள் படித்த டாக்டர்களின் மேற்பார்வையில், ஒவ்வொரு சொட்டையும் அளந்து செய்யப்பட்டவை. சாதாரண மனிதர்கள் கையில் இதை ஒப்படைக்கலாம் என்று மருத்துவ உலகம் நம்பவில்லை. மகலனாபிஸுக்கு வேறு வழி இல்லை, ஒப்படைத்தார்.

கல்கத்தாவில் மையத்தின் நூலக அறையையே தயாரிப்புக் கூடமாக்கினர். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இந்தக் கணக்கில் நிறுத்துப் பாலிதீன் பைகளில் போட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வாயை ஒட்டினார்கள். பைகள் பன்காவுக்குப் போயின. அங்கே குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் தாயோ, அண்ணனோ, கணவனோ குவளையுடன் வந்து பிடித்துப் போய், நோயாளிக்கு வாயில் புகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். சலைன் என்றால் ஜனங்களுக்கு மதிப்பு உண்டு என்பதால் இதற்கு 'வாய்வழி சலைன்' என்றே பெயர் சொன்னார்களாம்! லிட்டருக்கு அடக்க விலை 11 பைசா.

அங்கு காலராவில் இறப்பு நூற்றுக்கு முப்பது வரை இருந்ததாகச் சொல்கிறார்கள். இந்தக் குழு சுமார் இரண்டு மாதங்களில் கவனித்த 3,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. 1973-இல் இது அச்சில் வந்தது. 1978-இல் லண்டன் 'லான்செட்' இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். மறைவுக்குப் பின், 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்தபோதே கொடுத்திருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

என் பாடம் வேதியியல் ஆதலால் ஒரு சிறு விளக்கம் சொல்லாமல் போக மனமில்லை. காலராக் கிருமி குடலின் சுவரை அரிப்பதில்லை. அது வெளியிடும் நச்சு, குடற்சுவர் உயிரணுக்களிலிருந்து குளோரைடு அயனிகளை வெளியே கொட்டச் செய்கிறது. அதன் பின்னால் சோடியமும், சோடியத்தின் பின்னால் நீரும் போகின்றன. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறும். வெறும் உப்புநீரைக் குடித்தால் அது உள்ளே ஏறாது. ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு வாயில் குடற்சுவரில் உண்டு என்று ராபர்ட் கிரேன் என்பவர் 1960-இல் எடுத்துரைத்தார். அந்த வாயிலைக் காலரா நச்சு மூடுவதில்லை! முன்வாசல் உடைந்து கிடந்தாலும் கொல்லைவாசல் திறந்தே இருக்கிறது. சர்க்கரை அந்த வாசலின் சாவி. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும்போது நீரும் கூடவே நுழைந்துவிடுகிறது. பன்காவ்க் கலவையில் பொட்டாசியம் இல்லை. பின்னர் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஏற்றுக்கொண்ட கலவையில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்தது. சமையல் சோடா உள்ள பொடி ஈரக் காற்றில் விரைவில் கெட்டுவிடுவதால் 1984-இல் அதன் இடத்தில் சிட்ரேட் வந்தது. 2002-இல் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தார்கள். இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் வாங்குவது அதுதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, காலராவில் யாரும் சாகக் கூடாதல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்துப் படித்தது கோமாவைப் பற்றி.

1994 ஜூலை மாதம் ருவாண்டாவிலிருந்து 5 லட்சம் முதல் 8 லட்சம் மக்கள் நான்கைந்து நாட்களுக்குள் எல்லை கடந்து, அப்போது ஜயர் என்றும் இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு என்றும் அழைக்கப்படும் நாட்டின் கோமா நகரைச் சுற்றி வந்து அமர்ந்தனர். அது எரிமலைப் பாறை நிலம். கடப்பாறை இறங்காது. கக்கூசுக் குழியும் வெட்ட முடியவில்லை; பிணக் குழியும் வெட்ட முடியவில்லை. கண்ணுக்கு எதிரே கிவு ஏரி. அதில்தான் எல்லோரும் தண்ணீர் மொண்டார்கள். சில நாட்களில் காலரா உறுதியாயிற்று. அதைத் தொடர்ந்து இரத்த பேதி. முதல் ஒரு மாதத்தில் இறந்தோர் ஏறத்தாழ 50,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் பேதி நோய்களாலேயே இறந்தனர்.

உலகம் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல நாடுகளிலிருந்து தொண்டு நிறுவனங்களும் இராணுவ மருத்துவர்களும் விமானத்தில் வந்து இறங்கினர். பாட்டில்கள் வந்தன, கூடாரங்கள் வந்தன. வங்கதேசத்தின் பேதிநோய் ஆராய்ச்சி மையத்திலிருந்தும் ஒரு குழு போயிற்று. அக்குழுவினர் 1995-இல் லான்செட்டில் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: சிகிச்சை மையங்கள் இருந்தும் காலரா இறப்பை ஏன் தடுக்க முடியவில்லை? அவர்கள் சொன்ன காரணங்கள் இவை. இழந்த நீரை மிக மெதுவாக ஏற்றினார்கள். வாய்வழிக் கரைசலைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. பொருத்தமற்ற திரவங்களை ஏற்றினார்கள். கடுமையான காலராவைக் கையாண்ட அனுபவம் பணியாளருக்கு இல்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பன்காவுக்குப் பிறகு இருபத்து மூன்று ஆண்டுகள்! மருந்து தெரியும். விலையோ அற்பம். வந்தவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள், தங்கள் ஊரில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் படித்த இடத்தில் காலரா இல்லை. கடுமையான காலராவில் ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு மூன்று மணி நேரத்தில் ஐந்து லிட்டர் ஏற்ற வேண்டும். அதில் ஒன்றரை லிட்டரை முதல் அரைமணியில் ஏற்றிவிட வேண்டும். வேறு நோய்களுக்கு நிதானமாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பழகிய கை இதற்குத் துணியாது. நல்ல மனம் இருந்தால் போதும், போய் உதவலாம் என்ற எண்ணத்தைக் கோமா உடைத்துவிட்டது. களத்துக்குப் போகுமுன் தயார் செய்ய வேண்டும் என்ற சிந்தனை அதன் பின்னரே வலுப்பெற்றது எனலாம்.

தயார் செய்வது என்றால் எதை? முதலாவதாக எண்ணக் கற்றுக்கொடுக்கிறார்கள். வேடிக்கையாக இருக்கிறதா? மருத்துவமனையில் டாக்டர் தன்னிடம் வருபவரைப் பார்க்கிறார். முகாமிலோ, வர முடியாமல் கூடாரத்துக்குள்ளேயே கிடந்து சாகிறவர்கள்தான் அதிகம். ஆகவே எத்தனை பேர் இருக்கிறார்கள், நாளொன்றுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு எத்தனை இறப்பு என்பதே இதற்கு அளவுகோல். அது ஒன்றை எட்டினால் நெருக்கடி நிலை; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 பேர் உள்ள முகாமில் ஒரு வாரத்தில் 42 புதிய புதைகுழிகள் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 6. பத்தாயிரத்துக்கு 2. நெருக்கடி அளவைப் போல் இருமடங்கு. அந்த முகாமின் சிகிச்சைக் கூடாரத்தில் வரிசை அமைதியாக இருக்கலாம், டாக்டர் எல்லாம் நன்றாக நடப்பதாக நினைக்கலாம். ஆனால் வெட்டியானைக் கேட்டால் உண்மை தெரியும். கோமாவில் இந்த எண் 20 முதல் 35 வரை இருந்தது. அங்கே கணக்கெடுக்க உதவியது பிணங்களைச் சேகரித்த லாரிகளே.

இப்படி எண்ணத் தொடங்கியதும் மருத்துவருடைய வேலையே மாறிவிடுகிறது. இறப்புக்குக் காரணம் தண்ணீர் என்றால் அவர் தண்ணீர் லாரியைத் துரத்த வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பிடம், ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் கூரை நிழல் என்று அளவுகள் வகுத்திருக்கிறார்கள். கோமாவில் முதல் நாட்களில் ஆளுக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. அடுத்து, தட்டம்மைத் தடுப்பூசி. 1985-இல் கிழக்கு சூடானில் எத்தியோப்பிய அகதிகள் தங்கிய முகாம்களில் தட்டம்மை குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. ஆகவே முகாம் அமைந்த முதல் நாட்களிலேயே, ஒரு நோயாளிகூடத் தென்படாவிட்டாலும், ஆறு மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது வரை தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்பது பாடம். நோய் வரட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் அவசர சிகிச்சைப் பிரிவின் பழக்கம். முகாமுக்கு அது உதவாது.

எனக்கு மிகவும் புதிதாக இருந்தது பட்டினிக் குழந்தைகளைப் பற்றிய பகுதி. குழி விழுந்த கண்கள், தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது, நாடி மெலிந்திருக்கிறது. எந்த அவசர மருத்துவரும் இதை நீரிழப்பு என்று கண்டு உடனே டிரிப்ஸ் ஏற்றுவார். சாதாரணக் குழந்தைக்கு அது சரி. நெடுநாள் பட்டினியால் வற்றிய குழந்தைக்கோ, நீர் இழக்காத நிலையிலும் அந்த அறிகுறிகள் இருக்கும். தோலுக்கடியில் கொழுப்பே இல்லை. மடிப்பு எப்படி நிமிரும்? அக்குழந்தையின் இதயமும் மெலிந்திருக்கும். வேகமாக ஏற்றிய நீரை அதனால் இறைக்க முடியாது. காப்பாற்றுவதற்காக மாட்டிய பாட்டிலே குழந்தையைக் கொன்றுவிடும். அதனால் உயிர் போகும் அதிர்ச்சி நிலையில் மட்டுமே, அதுவும் பக்கத்தில் அமர்ந்து மூச்சை எண்ணிக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டும். மற்றபடி கரைசலைச் சிறிது சிறிதாக வாயில் கொடுக்க வேண்டும். காலராவில் வேகம் பிழைக்க வைக்கிறது, இங்கே வேகம் கொல்கிறது! பட்டினியைக் கண்டுபிடிக்கவும் பெரிய கருவி வேண்டாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவால் அளக்கிறார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் நிலை. நாடாவில் அந்த இடம் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

தரம் பிரித்தல் என்பது இன்னொரு பாடம். நெப்போலியன் காலத்துப் படை மருத்துவர் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே முதலில் கவனிக்க வேண்டும் என்ற முறையை ஏற்படுத்தினார். நம் மருத்துவமனைகளும் அப்படியே நடக்கின்றன. மிக மோசமானவர் முதலில். ஆனால் ஒரே நேரத்தில் நூறு பேர் அடிபட்டு வந்து, அறுவை மேசை ஒன்றே ஒன்று இருந்தால்? அப்போது முதலிடம், விரைவில் செய்தால் பிழைக்கக்கூடியவருக்கு. எவ்வளவு செய்தாலும் பிழைக்க வாய்ப்பற்றவரை ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, பக்கத்தில் ஒரு ஆளை இருத்திவிட்டு நகர வேண்டும். இதைப் படிக்கும்போதே மனம் கலங்குகிறது, செய்கிறவருக்கு எப்படியிருக்கும்? அதனால்தான் இதைப் புத்தகத்தில் படிப்பதோடு விடாமல் ஒத்திகையாகவே பலமுறை செய்ய வைக்கிறார்கள். ஒருமுறை பிரித்ததோடு முடிவதும் இல்லை. அரைமணிக்கு ஒருதரம் திரும்ப வந்து பார்க்க வேண்டும். கூட்டம் குறைந்து மேசை காலியானால் ஒதுக்கியவரையும் எடுத்துச் செய்யலாம்.

அறுவை சிகிச்சையிலும் ஊர்ப் பழக்கம் சிலவற்றை விட வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் சுத்தமான வெட்டுக்காயத்தை உடனே தைத்துவிடுகிறோம். குண்டுக் காயத்தையும் கண்ணிவெடிக் காயத்தையும் அப்படித் தைத்தால் உள்ளே மண்ணும் துணியும் செத்த சதையும் சேர்ந்து சீழ் பிடித்துவிடும். செத்த சதையை வெட்டி நீக்கி, கழுவி, திறந்தே கட்டி வைத்து, நாலைந்து நாள் கழித்துத் தைப்பதே போர்க்கள முறை. மயக்க மருந்துக்குப் பெரிய இயந்திரம் இல்லாத இடத்தில் கேட்டமின் என்னும் ஊசி மருந்து கைகொடுக்கிறது. இவற்றை மிக விரிவாக எழுத எனக்குத் தகுதி இல்லை.

இத்தகைய பயிற்சிகளில் பழமையானவற்றுள் ஒன்று சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 1986-இல் ஜெனீவாவில் தொடங்கியது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஹெல்ப்' என்று வரும். பெருந்திரளான மக்களின் உடல்நல நெருக்கடிகளைப் பற்றிய படிப்பு அது. கோமாவுக்குப் பிறகு 1997-இல் 'ஸ்ஃபியர்' என்ற திட்டம் தொடங்கிற்று. மேலே சொன்ன 15 லிட்டர் முதலான அளவுகள் அதன் கையேட்டில் உள்ளவையே. அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள், அவசர மருத்துவம் முடித்தவர்களுக்கு இரண்டாண்டு மேற்பயிற்சி வைத்து, கூடவே பொதுச் சுகாதாரப் பட்டமும் படிக்க வைக்கின்றன. ஹார்வர்டில் இதற்கான வகுப்பின் முடிவில் மாணவர்களைக் காட்டுக்குள் கொண்டுபோய் மூன்று நாட்கள் கூடாரத்தில் தங்க வைக்கிறார்கள். அகதிகளாகவும் ஆயுதம் தாங்கியவர்களாகவும் சிலர் நடிக்க, வழியில் மறிக்கிறவனிடம் பேசவும், தூக்கமின்றித் திட்டம் எழுதவும் பழக வேண்டும். நம் நாட்டில் அவசர மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றதே 2009-இல்தான். ஆனாலும் இத்துறையின் தலைசிறந்த பாடம் பன்காவில் எழுதப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது பழைய கதை வேறு உருவில் திரும்பியது. உலகெங்கிலுமிருந்து மருத்துவக் குழுக்கள் குவிந்தன. திறமையானவை பல, தங்களுக்கே சோறும் தண்ணீரும் இன்றி வந்து, இல்லாதவர்களிடமே கேட்டு நின்றவையும் உண்டு. எத்தனை பேருக்குக் கை கால் எடுக்கப்பட்டது என்பதற்கு உறுதியான கணக்கே இல்லை. வெட்டியவர் விமானம் ஏறிப் போய்விட்டால், கட்டை மாற்றுவது யார், செயற்கைக் கால் பொருத்துவது யார்? இதன் விளைவாக 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களை மூன்று வகையாகப் பிரித்து விதிகள் வெளியிட்டது. இரண்டாம் வகைக் குழு என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் குறைந்தது இருபது படுக்கைகள் இருக்க வேண்டும், நாளொன்றுக்கு ஏழு பெரிய அறுவைகள் செய்ய முடிய வேண்டும், தன் உணவு, நீர், மின்சாரத்தைத் தானே கொண்டுவர வேண்டும். அந்த நாட்டு அரசிடம் பதிந்துகொள்ள வேண்டும்; நோயாளிக் குறிப்புகளை எழுதி, போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

இதையெல்லாம் விடுதியில் ஒரு நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டான்: "அப்படியென்றால் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டுப் போய், புதைகுழி எண்ணவும் தண்ணி லாரி பின்னாலே ஓடவும் பொடிப் பாக்கெட் கரைக்கவுமா? அதற்கு டாக்டர் எதற்குடா?" நியாயமான கேள்விதான். உடனே பதில் வரவில்லை. பிறகுதான் தோன்றியது. பன்காவில் பீப்பாயிலிருந்து மொண்டு கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்லர். ஆனால் எதை அவர்கள் கையில் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், எந்த நோயாளிக்கு மட்டும் மிச்சமிருக்கும் சலைன் பாட்டிலை ஒதுக்க வேண்டும் என்று முடிவெடுக்க டாக்டர் வேண்டியிருந்தது. தன் வித்தையில் எந்தப் பகுதியைப் பிறருக்குக் கொடுத்துவிடலாம் என்று அறிவதும் ஒரு வித்தையல்லவா?

கோமாவுக்குப் போன வங்கதேசக் குழு எங்கிருந்து வந்தது என்பதையும் அவனுக்குச் சொன்னேன். அந்த நாட்டில் 1980 முதல் 1990 வரை பிராக் என்னும் தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளம் எத்தனை வீடு போனார் என்பதைப் பொறுத்தன்று. சில நாள் கழித்து வேறொருவர் அதே வீட்டுக்குப் போய்க் கேட்பார். அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருந்ததோ, அதற்குத் தக்கபடியே கூலி.

எங்கள் வீட்டுப் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. ஒரு மழைக்கால இரவில் அவனுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. பஸ் காலையில்தான். அப்பா, கிராம நர்சம்மா வீட்டுக்கு ஓடினார். அவர் வந்து தம்பியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் அம்மா கையாலேயே கரைக்கச் சொன்னார். "ஸ்பூன் ஸ்பூனாக் குடும்மா. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடியும் குடு. தூங்கிடாதே" என்றார். அம்மா விடிய விடியக் கொடுத்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். விடியற்காலையில் அவன் மூத்திரம் போனான். நர்சம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

தம்பி இப்போது பதினொன்றாம் வகுப்பு. அறிவியல் பிரிவு எடுத்திருக்கிறான். போன விடுமுறையில் அந்தக் காலிப் பாக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கம் அச்சிட்டிருந்த அளவுகளை இருவரும் சேர்ந்து படித்தோம். குளுக்கோஸ் 13.5 கிராம் என்பது தெளிவாகத் தெரிந்தது; மற்ற எழுத்துகள் அழிந்துவிட்டன. அவற்றை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.